#31#, *67, 141: எண்ணை மறைக்கும் சேவை எதுவரை கைகொடுக்கும்?

வகுப்பு ஆசிரியர் மாலையில் வீட்டிலிருந்து ஒரு மாணவனின் பெற்றோரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. டியூட்டி முடிந்து கிளம்பிவிட்ட டாக்டர், நோயாளியிடம் பரிசோதனை முடிவைச் சொல்ல வேண்டும். வன்முறை தாங்காமல் வெளியேறிய பெண், பிள்ளைகள் விஷயமாக முன்னாள் கணவரிடம் பேசித்தான் ஆக வேண்டும். மூவருக்கும் தேவை ஒன்றுதான்: பேச்சு போய்ச் சேர வேண்டும், சொந்த நம்பர் போய்ச் சேரக் கூடாது.

இதற்கென்றே தொலைபேசி நெட்வொர்க்கில் பல ஆண்டுகளாக ஒரு வசதி இருக்கிறது. துறைக்காரர்கள் சிஎல்ஐஆர் என்பார்கள், அழைப்பவர் எண்ணைக் காட்டாமல் தடுப்பது என்று பொருள். மக்களுக்கு அது #31#, *67, 141 என்று நாட்டுக்கொரு குறியீடாகத் தெரியும். ஆப் வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அழைப்புக்கு அழைப்பு மறைக்கக் கட்டணமும் வாங்கக் கூடாது என்று விதியே உண்டு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முன்பின் தெரியாத ஒருவரை ஒரே ஒரு தடவை அழைத்து விவரம் கேட்க இது நல்ல வசதி. அதே ஆளிடம் திரும்பத் திரும்பப் பேச வேண்டியவர்களுக்கு இது சரிப்படாது. அவர்களுக்கு வேண்டியது மறைத்த எண் அல்ல, இரண்டாவது எண். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்தக் குறியீடு பெரும்பாலும் கிடைக்கவே கிடைக்காது. அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

எண் எந்த இடத்தில் மறைகிறது

#31# போட்டு அழைத்தால் உங்கள் எண் எங்கும் அழிந்துவிடுவதில்லை. உள்ளே நடப்பது இது: டயல் செய்ததும் முன்னால் இருக்கும் #31# என்பதை உங்கள் போனே கழற்றிவிடுகிறது. மீதமுள்ள எண்ணுக்கு அழைப்பைத் தொடங்கும்போது, ‘இந்த ஒரு அழைப்புக்கு எண்ணைக் காட்ட வேண்டாம்’ என்ற குறிப்பைச் சேர்த்து நெட்வொர்க்குக்கு அனுப்புகிறது. நெட்வொர்க் உங்கள் எண்ணை வழக்கம்போல முழுசாக எழுதித்தான் அடுத்த நெட்வொர்க்குக்குத் தள்ளுகிறது. பக்கத்தில் இரண்டே பிட் நீளத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 00 என்றால் எண்ணைக் காட்டலாம், 01 என்றால் காட்டக் கூடாது, 10 என்றால் எண் கிடைக்கவே இல்லை. நீங்கள் மறைத்த அழைப்பில் அந்தக் கட்டத்தில் 01 விழுகிறது. மாறுவது அது மட்டும்தான். எதிர்முனை நெட்வொர்க் வரை பயணம் செய்த எண், கடைசியில் எதிராளியின் போனுக்கு அழைப்பைக் கொடுக்கும் இடத்தில் வெட்டப்படுகிறது.

4ஜி குரல் அழைப்பில் செய்தியின் வடிவம் வேறு, வேலை இதேதான். அனுப்புநர் இடத்தில் ‘அனானிமஸ்’ என்று போய்விடும். உண்மையான எண் வேறொரு வரியில், ஒன்றையொன்று நம்பும் நெட்வொர்க்குகளுக்குள் மட்டும் செல்லும்.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் தானாக விளங்கும். எதிராளியின் திரை பார்க்காது. வழியில் இருக்கும் எல்லாரும் பார்ப்பார்கள். அவசர உதவி எண்களை அழைத்தால் அங்கே உங்கள் எண் தெரியும், அதற்கென்றே நெட்வொர்க்கில் விலக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 800 வகை இலவச எண்களை *67 போட்டு அழைத்தாலும் எண் போய்ச் சேரும். அழைப்புக்குக் காசு கொடுப்பவர் எதிர்முனைக்காரர் என்பதால் அது தனி வழியில் கொடுக்கப்படுகிறது. போலீஸ் முறைப்படி கேட்டால், எந்த எண்ணிலிருந்து எப்போது அழைப்பு போனது என்ற பதிவு ஆபரேட்டரிடம் தயாராக இருக்கும். மிரட்டவோ தொந்தரவு செய்யவோ இதைப் பயன்படுத்தலாம் என்று யாராவது நினைத்தால், அந்த நினைப்பு அடியோடு தவறு.

எந்த நாட்டில் எது

அமெரிக்கா, கனடா: *67, தொடர்ந்து பகுதிக் குறியீட்டோடு பத்து இலக்கம். எண்ணை நிரந்தரமாக மறைத்து வைத்திருப்பவர் ஒரு அழைப்புக்கு மட்டும் காட்ட *82. பிரிட்டனில் மறைக்க 141, காட்ட 1470. ஆஸ்திரேலியாவில் 1831, 1832. ஜப்பானில் 184, 186. ஹாங்காங்கில் 133. ஜிஎஸ்எம் என்ற 2ஜி தரத்தின் வழி வந்த மொபைல் நெட்வொர்க்குகளுக்கு உலகப் பொதுவான குறியீடு மறைக்க #31#, காட்ட *31#.

இதில் ஜெர்மனியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே லேண்ட்லைனில் மறைப்பதற்கு *31#. மொபைலில் மறைப்பதற்கு #31#. வீட்டு போனில் பழகிய கை மொபைலிலும் *31# போட்டால், ‘எண்ணைக் காட்டு’ என்று நீங்களே கட்டளை கொடுத்ததாக ஆகும். அழைப்பு ஒழுங்காகப் போகும், பிழைச் செய்தி எதுவும் வராது, எதிராளி உங்கள் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். நட்சத்திரம் முதலில் வருகிறதா ஹேஷ் முதலில் வருகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வெளிநாட்டு எண்ணாக இருந்தால் + குறியில் கவனம் வேண்டும். #31# என்பதைப் போனே படித்துக் கழற்றிவிடுவதால் அதன் பின்னால் +44, +1 என்று வரலாம். 141 அப்படியல்ல, அதைப் படிப்பது நெட்வொர்க். இலக்கங்களுக்கு நடுவே + வந்தால் அழைப்பு போகாது. பிரிட்டனிலிருந்து 141, பிறகு 00, பிறகு நாட்டுக் குறியீடு. அமெரிக்காவில் *67, பிறகு 011.

அடிக்கடி அழைக்க வேண்டிய எண்ணை #31# சேர்த்தே சேமித்து வைத்துக்கொள்ளலாம். அவசரத்தில் குறியீட்டை மறந்துவிடும் அபாயம் இதனால் குறைகிறது. ஆனால் பழைய பதிவையும் அதே பெயரில் விட்டுவைக்காதீர்கள். பேசி முடித்த பிறகு ‘ரீசன்ட்ஸ்’ பட்டியலிலிருந்து மறுபடி அழைக்கும்போது குறியீடு சேருமா சேராதா என்பது போனுக்குப் போன் மாறுகிறது. மறைத்துப் பேச வேண்டிய எண்ணை அந்தப் பட்டியலிலிருந்து அழைக்கவே வேண்டாம்.

போனின் செட்டிங்ஸில்

ஐபோனில் செட்டிங்ஸ், ஆப்ஸ், போன், அதற்குள் ‘ஷோ மை காலர் ஐடி’. ஐஓஎஸ் 18-க்கு முந்தைய பதிப்புகளில் செட்டிங்ஸுக்குள் நேராகவே ‘போன்’ இருக்கும். இரண்டு சிம் போட்டிருந்தால் முதலில் எந்த லைன் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சாம்சங் போன்களில் போன் ஆப்பின் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், ‘சப்ளிமென்டரி சர்வீசஸ்’, ‘ஷோ யுவர் காலர் ஐடி’. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் ‘காலிங் அக்கவுன்ட்ஸ்’ என்பதற்குள் சிம்மைத் தொட்டு, ‘அடிஷனல் செட்டிங்ஸ்’ வரை போனால் ‘காலர் ஐடி’ கிடைக்கும். ஆண்ட்ராய்டில் மூன்று தேர்வுகள்: நெட்வொர்க் சொல்வதுபடி, எப்போதும் மறை, எப்போதும் காட்டு.

இந்தப் பக்கம் திறக்கும்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து ‘நெட்வொர்க் எரர்’ என்று முடிவது சகஜம். போன் பழுதில்லை. இந்த நிலையை நெட்வொர்க்கிடம் கேட்டுத்தான் போன் காட்ட வேண்டும். ஆபரேட்டர் அந்த வசதியைத் தரவில்லையென்றாலோ, 4ஜி வழியாகக் கேட்கும் ஏற்பாட்டைச் சரியாகச் செய்யவில்லையென்றாலோ பதில் வராது. 2ஜி, 3ஜி டவர்களை அணைத்துவிட்ட நாடுகளில் மறைப்பு இருக்கிறதா என்று நெட்வொர்க்கிடம் கேட்கும் *#31# என்ற பழைய குறியீடு ‘இன்வேலிட் எம்எம்ஐ கோட்’ என்று திரும்பி வருவதற்கும் இதே காரணம் இருக்கலாம். ஐபோனில் சில ஆபரேட்டர்களின் சிம்முக்கு இந்தத் தேர்வே தெரியாது. அங்கே *67 போன்ற குறியீடுதான் ஒரே வழி.

*#31# பதில் சொல்லும் நெட்வொர்க்கில் அதைத் தவறாமல் போட்டுப் பாருங்கள். ‘காலர் ஐடி டிஃபால்ட்ஸ் டு நாட் ரெஸ்ட்ரிக்டட்’ என்று வந்தால் வசதி இருக்கிறது, இப்போது மறைக்கப்படவில்லை என்று பொருள். ‘சர்வீஸ் நாட் ப்ரொவிஷன்ட்’ என்று வந்தால் உங்கள் இணைப்புக்கு வசதியே கொடுக்கப்படவில்லை. #31# போட்டு நம்பிக்கையோடு அழைத்தால் ஏமாறுவீர்கள்.

நிரந்தர மறைப்பை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். செட்டிங்ஸில் ஒரு முறை அணைத்துவிட்டு மறந்துபோனால், அப்பா அம்மாவுக்குச் செய்யும் அழைப்பும் பெயரில்லாமல்தான் போகும். வயதானவர்கள் அதை எடுக்கவே மாட்டார்கள், எடுக்கக் கூடாது என்று நாம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அழைப்புக்கு அழைப்பு குறியீடு போடுவதே மேல்.

எங்கே கைவிடுகிறது

பெரிய குறை தொழில்நுட்பத்தில் இல்லை. பெயரில்லா அழைப்பை இன்று பலரும் எடுப்பதில்லை. 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், சேமிக்காத எண்களை மணியடிக்காமல் நேராக வாய்ஸ்மெயிலுக்குத் தள்ளும் வசதி ஐபோனில் இருக்கிறது. மறைத்த அழைப்பும் அதில் சிக்கும். ஆண்ட்ராய்டில் அடையாளம் காட்டாத அழைப்புகளை முழுக்க மறிக்க ஒரு பொத்தான் போதும். அமெரிக்க லேண்ட்லைன்களில் *77 போட்டு வைத்தால், எண்ணை மறைத்தவருக்கு ‘இவர் பெயரில்லா அழைப்புகளை ஏற்பதில்லை’ என்ற பதிவுக் குரல்தான் கேட்கும். மோசடி அழைப்புகள் பெருகிய காலத்தில் மக்கள் இப்படிச் செய்வதைக் குறை சொல்ல முடியாது.

‘முதலில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு அழைக்கிறேன்’ என்று நினைத்தால் அங்கேதான் பொறி. எஸ்எம்எஸ்ஸுக்கு இந்த மறைப்பு கிடையாது, உங்கள் எண் அப்படியே போகும். அழைப்பு போகவில்லை என்று போன் தானாகக் காட்டும் ‘மெசேஜ் அனுப்பு’ பொத்தானை அழுத்தினாலும் கதை அதோடு முடிந்தது. முன்கூட்டித் தெரிவிக்க வேண்டுமானால் பள்ளியின் ஆப், அலுவலக மின்னஞ்சல், மருத்துவமனை வரவேற்பு என்று வேறு வழியில் சொல்லுங்கள்: ‘ஆறு மணிக்கு எண் தெரியாத அழைப்பு வரும், எடுங்கள்.’

வாட்ஸ்அப் அழைப்பில் எந்தக் குறியீடும் செல்லாது. எண்ணை மறைத்து வாட்ஸ்அப்பில் பேச வழியில்லை. டெலிகிராமில் ‘போன் நம்பர்’ என்ற தனியுரிமைத் தேர்வை ‘நோபடி’ என்று வைக்கலாம். சிக்னலில் 2024 முதல் பயனர் பெயர் வந்திருக்கிறது, எண்ணைக் கொடுக்காமலே தொடர்புகொள்ள முடியும். ஃபேஸ்டைமில் அழைப்பு எந்த அடையாளத்தோடு போக வேண்டும் என்பதற்குத் தனித் தேர்வு உண்டு. அங்கே எண்ணுக்குப் பதில் மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இருக்கும் இரண்டு பேருக்கிடையே என்றால், #31#-ஐ விட சிக்னல் சிறந்த தீர்வு.

வெளிநாட்டு அழைப்புகளில் மறைப்பை நம்பவே கூடாது. அந்த 01 என்ற குறிப்பை மதித்து எண்ணை வெட்ட வேண்டியது கடைசி நெட்வொர்க்கின் பொறுப்பு. நடுவில் அழைப்பு இரண்டு மூன்று இடைத்தரகு நிறுவனங்கள் வழியாக மாறிப் போகும்போது குறிப்பு தொலைந்து எண் முழுசாகத் தெரியலாம். எண்ணே காணாமல் போய் ‘அன்நோன்’ என்று வரலாம். சம்பந்தமில்லாத வேறொரு எண்ணும் தெரியலாம். டொரன்டோவிலிருந்து சென்னைக்கு *67 போட்டு அழைப்பவர் மூன்றில் எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எண் தெரிந்தால் ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்கள் வெளிநாட்டு அழைப்புக்கு இதை நம்பி இறங்க வேண்டாம்.

இன்னொரு வகைச் சிக்கல், உங்கள் எண்ணை வைத்தே உங்களை அடையாளம் காணும் கருவிகள். வாய்ஸ்மெயிலை அழைத்தால், நேராகத் திறக்க வேண்டியது பின் நம்பர் கேட்கும். எண்ணைப் பார்த்துக் கதவைத் திறக்கும் சிம் பொருத்திய கேட், மறைத்த அழைப்புக்கு அசையாது. பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்தால் கணக்கு விவரம் சொல்லும் வங்கி எண்ணும் அப்படியே. இவற்றில் பிழை வரும்போது பெரும்பாலோர் சிம்மைக் கழற்றி மாட்டுவார்கள். முதலில் செட்டிங்ஸில் மறைப்பு விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

வியாபார அழைப்புக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது. பிரிட்டனில் விற்பனை அழைப்பு செய்பவர் எண்ணைக் காட்டியாக வேண்டும் என்ற விதி 2016 மே மாதம் முதல் இருக்கிறது. அமெரிக்காவிலும் டெலிமார்க்கெட்டிங் செய்பவர்கள் எண்ணை மறைப்பது விதிமீறல்.

இந்தியாவில் நிலைமை

தமிழில் இதைப் பற்றிச் சொல்லும் பல யூடியூப் வீடியோக்கள், #31# போட்டால் போதும் என்று முடித்துவிடுகின்றன. இந்திய சிம்மில் அது பெரும்பாலும் நடக்காது. டெலிகாம் உரிம நிபந்தனைகளின்படி அழைப்பவர் எண் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும். மறைக்கும் வசதி தீவிரப் பரிசீலனைக்குப் பிறகே தரப்படுகிறது. புலனாய்வு அதிகாரிகள், பாதுகாப்புக் காரணம் உள்ள முக்கியப் பதவியினர் போன்றோரிடம்தான் அது இருக்கும். வசதி இல்லாத இணைப்பில் #31# போட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: அழைப்பு துண்டிக்கப்படும், அல்லது எண்ணோடு சேர்ந்தே போகும். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் அழைத்தவருக்கு அது தெரியாது.

இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் ‘எந்த எண்ணை வேண்டுமானாலும் காட்டலாம்’ என்று சொல்லும் ஆப்களும் தளங்களும் கடை விரிக்கின்றன. இவை எண்ணை மறைப்பதில்லை, வேறொருவர் எண்ணைப் போலியாகக் காட்டுகின்றன. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 42-ஆம் பிரிவில், தொலைத்தொடர்பு அடையாளத்தைத் திரிப்பதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. இந்திய எண்ணைப் போலியாகக் காட்டி வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளை நுழைவாயிலிலேயே தடுக்கும் அமைப்பு 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டபோது, முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் மறிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. மிரட்டலுக்குப் பயன்பட்டால் தனி வழக்கு: பெயரையோ இருப்பிடத்தையோ மறைத்து மிரட்டினால், மிரட்டலுக்குரிய தண்டனைக்கு மேல் 2 ஆண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதா 351-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த ஆப்களில் பல, நிறுவும்போதே உங்கள் தொடர்புப் பட்டியலையும் கேட்கும். எண்ணைக் காப்பாற்றப் போய் ஊரார் எண்ணையெல்லாம் கொடுத்துவிட்டு வருவது எந்த வகையில் நியாயம்?

இந்தியாவில் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி இரண்டாவது சிம். பெரும்பாலான மாநிலங்களில் ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்பு வரை வைத்துக்கொள்ளலாம். இ-சிம் எடுக்கும் போனாக இருந்தால் அட்டை இடமும் தேவைப்படாது. டேட்டா வேண்டாதவர்களுக்காகக் குரல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்கை நிறுவனங்கள் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது, அதைக் கேட்டு வாங்குங்கள். ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் தொடாமல் விட்டால் எண் பறிபோகக்கூடும். ஒரு பேச்சோ ஒரு எஸ்எம்எஸ்ஸோ இடையில் போய்விட வேண்டும்.

இதிலும் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது ட்ரூகாலர் போன்ற ஆப்கள். புது எண்ணை யாரோ ஒருவர் ‘சுமதி டீச்சர்’ என்று சேமித்தால், அந்தப் பெயர் மற்றவர்கள் திரையிலும் ஏறலாம். ட்ரூகாலரில் கணக்கு இருந்தால் முதலில் ஆப்பிலேயே அதை நீக்கிவிட்டு, பிறகு அவர்களது ‘அன்லிஸ்ட்’ பக்கத்தில் +91 சேர்த்து எண்ணைக் கொடுக்க வேண்டும். கணக்கு உயிரோடு இருக்கும்வரை பட்டியலிலிருந்து நீங்காது. இரண்டாவது, அழைப்பவர் பெயரை நெட்வொர்க்கே காட்டும் சிஎன்ஏபி. டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்த இந்தச் சேவை படிப்படியாக அமலுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. சிம் வாங்கும்போது படிவத்தில் கொடுத்த பெயரே எதிராளி திரையில் வரும். ஆக, உங்கள் பெயரில் வாங்கிய இரண்டாவது சிம் எண்ணைத்தான் காக்கும், பெயரைக் காக்காது. ஆசிரியருக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. முன்பின் தெரியாதவரிடம் பழைய பைக் விற்பவருக்கு அது முக்கியம்தான். அடுத்தவர் பெயரில் சிம் வாங்கி இதைச் சமாளிக்க நினைக்காதீர்கள்; மோசடியாக சிம் பெறுவதும் அதே 42-ஆம் பிரிவில்தான் வருகிறது.

மறைப்புக்குப் பதில் வேறு எண்ணைக் காட்டும் சேவைகள்

ஊபர் போன்ற ஆப்களில் டிரைவருக்கும் பயணிக்கும் இடையே நடப்பதுதான் இதுவரை பார்த்தவற்றில் மிகச் சுத்தமான ஏற்பாடு. இருவர் திரையிலும் தெரிவது நிறுவனத்தின் நடுவாந்தர எண். ‘இந்த எண்ணிலிருந்து இந்த நடு எண்ணுக்கு அழைப்பு வந்தால் அந்த எண்ணோடு இணை’ என்று சர்வரில் ஒரு பட்டியல் இருக்கும். பயணம் முடிந்து கொஞ்ச நேரத்தில் அந்த வரி நீக்கப்படும். டிரைவர் மறுநாள் அந்த எண்ணை அழைத்தால் உங்களிடம் வராது. இணைப்பு உங்கள் எண்ணைப் பார்த்தே அமைவதால், பதிவு செய்யாத சிம்மிலிருந்து அழைத்தாலோ, மறைத்து அழைத்தாலோ பெரும்பாலும் கிடைக்காது. ‘டிரைவருக்கு லைனே போகவில்லை’ என்று சலித்துக்கொள்பவர்கள் எந்த சிம்மிலிருந்து போகிறது என்று பார்த்தால் போதும். பள்ளிகளும் கிளினிக்குகளும் இணையம் வழியாகத் தொலைபேசி வசதி தரும் கிளவுட் டெலிபோனி நிறுவனங்களிடம் இதே ஏற்பாட்டை மாதக் கட்டணத்துக்கு வாங்கலாம். ஆசிரியர்களைச் சொந்த சிம்மிலிருந்து பேசச் சொல்லும் பள்ளி நிர்வாகம், இதற்குக் கொஞ்சம் செலவழிப்பதே முறை.

அமெரிக்காவில் டாக்டர்களுக்கு டாக்ஸிமிட்டி டயலர் என்ற ஆப் இருக்கிறது. சொந்த மொபைலிலிருந்து பேசினாலும் நோயாளி திரையில் கிளினிக் எண் வரும், திருப்பி அழைத்தால் கிளினிக்குக்கே போகும். மறைத்த அழைப்பில் இருக்கும் இரண்டு குறைகளையும் இது ஒருசேரத் தீர்க்கிறது: நோயாளி எடுக்கிறார், தவறவிட்டாலும் திருப்பி அழைக்க முடிகிறது. ஏமாற்றும் நோக்கமில்லாமல், தனக்கு உரிமையுள்ள அலுவலக எண்ணைக் காட்டுவதை அமெரிக்கச் சட்டம் தடுக்கவில்லை. ஏமாற்றவோ தீங்கு செய்யவோ போலி எண் காட்டுவதற்குத்தான் அபராதம்.

பொதுமக்களுக்கு அங்கே இரண்டாவது எண் தரும் சேவை கூகுள் வாய்ஸ். தனிநபர் கணக்கு அமெரிக்காவில் மட்டும்தான் தொடங்க முடியும், சரிபார்க்க ஒரு அமெரிக்க எண்ணும் வேண்டும். வாய்ஸ் ஆப்பிலிருந்து அழைத்தால் வாய்ஸ் எண் தெரியும்; ‘அனானிமஸ் காலர் ஐடி’ என்ற தேர்வைப் போட்டால் அதுவும் மறையும். இங்கே நடக்கும் தவறு எப்போதும் ஒரே மாதிரிதான்: தவறவிட்ட அழைப்பைப் போனின் சாதாரண டயலரிலிருந்து திருப்பிக் கூப்பிடுவது. அதில் நிஜ எண் போய்விடும். ஆண்ட்ராய்டில் வாய்ஸ் ஆப்பின் செட்டிங்ஸில், போனின் டயலரிலிருந்து செய்யும் அழைப்புகளுக்கும் வாய்ஸைப் பயன்படுத்தலாமா என்று ஒரு கேள்வி வரும். ஒவ்வொரு முறையும் கேட்கச் சொல்லி வைப்பது பாதுகாப்பு. தனிநபர் வாய்ஸ் கணக்கிலிருந்து அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க முடியாது, அதற்குச் சாதாரண டயலர்தான். நீண்ட நாள் தொடாமல் விட்டால் எண் திரும்பப் போய்விடும்.

பர்னர், ஹஷ்ட் போன்ற கட்டண ஆப்களில் குறுகிய காலத்துக்கு ஒரு எண் வாங்கலாம். வீடு வாடகை, பழைய சாமான் விற்பனை என்று சில வாரங்களில் முடியும் வேலைக்குப் பரவாயில்லை. வங்கி ஓடிபிக்கு இந்த எண்களைக் கொடுக்காதீர்கள்: பல வங்கிகள் இணைய வழி எண்களை ஏற்பதில்லை. ஏற்றாலும், சந்தா முடிந்ததும் அந்த எண் இன்னொருவர் கைக்குப் போகலாம்.

மறைத்த அழைப்பைப் பெறும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் இப்படித் தொந்தரவு வந்தால் எண் தெரியவில்லையே என்று விட்டுவிட வேண்டாம். வந்த தேதி, நேரம், எவ்வளவு நொடி பேசினார் என்பதைக் கால் லாகிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுத்தால், ஆபரேட்டரின் பதிவிலிருந்து எண்ணைப் போலீஸ் எடுத்துக்கொள்ளும். மோசடி முயற்சியாகத் தெரிந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற புகார்ப் பகுதியில் பதியலாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அமெரிக்க லேண்ட்லைனில் அழைப்பு முடிந்த கையோடு *57 போட்டால் அது ஆபரேட்டரிடம் தடம் பதியும். விவரம் உங்களுக்குத் தரப்படாது, போலீசுக்குத்தான் போகும். இதற்குக் கட்டணமும் உண்டு.

முக்கியமான அழைப்புக்கு முன் சோதனை இல்லாமல் எதையும் நம்பாதீர்கள். வேறு ஆபரேட்டரின் சிம் போட்ட இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குறியீடு போட்டு அழையுங்கள். எடுக்காமல் விட்டு, மிஸ்டு கால் பட்டியலில் என்ன பதிவாகிறது என்று பாருங்கள். திரையில் மறைந்தது பட்டியலிலும் மறைந்திருக்க வேண்டும். இரண்டு சிம் இருந்தால் இரண்டிலும் தனித்தனியே செய்ய வேண்டும், ஒன்றில் வசதி இருந்து மற்றதில் இல்லாமல் போவது உண்டு. வைஃபை அழைப்பு போட்டு ஒரு தடவை, அணைத்துவிட்டு ஒரு தடவை. வாய்ஸ்மெயிலில் உங்கள் பெயரைச் சொல்லும் வரவேற்புப் பதிவு இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். ஆபரேட்டரையோ திட்டத்தையோ மாற்றினால் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள்; போனில் தேர்வு அப்படியே இருக்கும், புது நெட்வொர்க்கில் வசதி இருக்காது.